நங்கூரமும் அயலாரும்

தன் செயலால் விளையும் அபாயம் தன்னோடு முடியுமாயின், அதனை ஏற்பதும் மறுப்பதும் ஒருவனுடைய சொந்த விருப்பம் என்பர் பலர். அங்ஙனம் தன்னோடு முடியும் அபாயம் என்று ஒன்று உளதா? இதனைச் சோதித்தறியத் தகுந்த இடம் கரீபியன் கடலிலுள்ள சாபா என்னும் தீவு. போர்னியோவிலுள்ள நம் சபா அன்று இது. ஹாலந்து அரசைச் சேர்ந்த, 13 சதுர கிலோமீட்டர் அளவேயான எரிமலைத் தீவு.

இத்தீவுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1972ஆம் ஆண்டில் ஃபோர்ட் பே என்னுமிடத்தில் துறைமேடை கட்டப்படுமுன், மேற்குக் கரையிலே பாறையில் வெட்டிய ஏறத்தாழ 800 படிகளில் மக்கள் பண்டங்களைச் சுமந்து ஏறினர். பாய்க்கப்பலில் உலாவருவோர் இன்றும் அம்மேற்குக் கரையை நாடுகின்றனர். வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் மலை அதற்கு மறைப்பாக நிற்கிறது. ஆயினும் குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் புயல்கள் எழுப்பிய நெடிய அலைகள் தீவின் முனையைச் சுற்றி வளைந்து உள்ளே புகும். ஒரு பக்கத்துச் சுவரை மாத்திரம் நம்பிப் படுத்துறங்குவதற்கு ஒப்பானது அங்கே தங்குதல்.

நங்கூரம் தன் கனத்தினாலேயே கப்பலைப் பிடித்து நிறுத்துகிறது என்று எண்ணுதல் தவறு. சங்கிலி தரையோடு படிந்து கிடைமட்டமாக இழுக்கும்போது அதன் அலகு மணலிற் புதைந்து பிடிக்கிறது. மேல்நோக்கி இழுத்தாலோ பெயர்ந்துவிடுகிறது. ஆகவே, கப்பலின் முகப்பிலிருந்து கடலடி வரை 6 மீட்டர் எனின், அமைதியான வேளையில் 30 மீட்டர் சங்கிலியும், காற்று மிகுந்தால் 42 மீட்டருக்கு மேலும் விடுவர். இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. சங்கிலி நீளநீளக் கப்பல் சுழலும் வட்டமும் விரிகிறது. அயற்கப்பலுக்குரிய இடம் அவ்வளவுக்குக் குறைகிறது. என்னுடைய பாதுகாப்பு மற்றொருவனுடைய இடத்தைத் தின்று வளர்கிறது! தோட்டத்துக் கணக்கேட்டில் வரவுக்கு எதிரே பற்று உடனே தெரியும். கடலில் அக்கணக்கை எழுதுவார் யார்?

கடலோடிகள் இதற்கு ஒரு வழக்கம் வைத்துள்ளனர்: முந்தி வந்தவனுக்கே உரிமை, பிந்தி வந்தவன் விலகி நிற்கவேண்டும். முந்தியவன் உரிமை என்றதும் நம்மவர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பிறப்பால் முந்தினோம் என்று மேலிடத்தில் அமர்ந்தவர்களை நாம் அறிவோமன்றோ? அஃது வேறு, இது வேறு. இவ்வுரிமை நங்கூரம் தூக்கிய கணமே ஒழிகிறது, மகனுக்குச் செல்வதில்லை. மேலும், முன்னே நின்றவன் பின்னே யார் வருவார் என அறியான். வருபவனோ நிற்பவனைக் கண்ணாற் காண்கிறான். கண்டவன்மேல் கடமை சுமத்துதல் நியாயமே.

இனி, குறைந்த சங்கிலியோடு உறங்குபவன், "என் கப்பல், என் உயிர்" என்று கூறுவானாயின் அது செல்லாது. நள்ளிரவில் நங்கூரம் பெயர்ந்த கப்பல் காற்று தள்ளும் வழியே சென்று, நடுவே நிற்பவற்றின்மீது மோதும். அவனை மீட்க இருளிற் குதிப்பவர்களுடைய உயிரும் அவன் கணக்கில் சேராதா?

ஆனால் வழக்கத்தை நம்பியவனை எவ்வளவு தூரம் குறைகூறலாம்? 1999 நவம்பரில் லெனி என்னும் சூறாவளி, பொதுவழக்கத்திற்கு மாறாக, மேற்கிலே தோன்றிக் கிழக்கு நோக்கி நகர்ந்தது. என்றும் மறைவிடமாயிருந்த மேற்குக் கரைகளை அதன் அலைகள் சாடின. கிரனடா, டொமினிக்கா முதலிய தீவுகளில் கரையோரம் பெருஞ்சேதமுற்றது. அன்று ஏமாந்தவனை நான் மன்னிப்பேன். அதன் பின்னரும், "காற்று கிழக்கிலிருந்துதானே வரும்" என்று சங்கிலியைச் சுருக்குபவனை மன்னிக்க மாட்டேன்.

வாயில்லாத அயலார் சிலரும் உளர். சுழலும் சங்கிலி கடலடியில் பவளத்தை முறிக்கும், கடற்புல்லை வேரோடு சுரண்டும். 1987இல் சாபாவைச் சுற்றியுள்ள கடலைக் காப்பகமாக்கினர். வருவோர் கப்பலைக் கட்டுதற்கு மிதவைகளும் இட்டனர். பிறர் இட்ட கயிற்றில் தன் உயிரைக் கட்ட மனம் ஒப்பாத கப்பலோட்டி, மூச்சடக்கி நீருள் மூழ்கி, அதன் வளையத்தையும் முடிச்சையும் தடவிப் பார்த்துவிட்டே மேலே வருகிறான். அதனை அவநம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனமில்லை.