நடக்காதவற்றின் கணக்கு

டெரேசா வெதர்ஸ்பூன் பெயரை யூடியூப்பில் தட்டினால் முதலில் வருவது ஒரு வீச்சுதான். 1999 செப்டம்பர் 4, ஹூஸ்டன். அமெரிக்கப் பெண்களின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் இறுதிச்சுற்று. மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றால் கோப்பை. முதல் ஆட்டத்தை ஹூஸ்டன் காமெட்ஸ் வென்றுவிட்டது. இரண்டாவதிலும் 67–65 என முன்னிலை. மீதமிருப்பது 2.4 விநாடி. வெற்றி உறுதி என்று அரங்கத்தில் வண்ணக் காகிதத் துண்டுகளைக் கொட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். நியூயார்க் லிபர்ட்டியின் வெதர்ஸ்பூன் பந்தை வாங்கி, நடுக்கோட்டைத் தாண்டாமலே எறிந்தார். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. 68–67.

அந்த வீச்சை நானும் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். ஆனால் வெதர்ஸ்பூன் புள்ளி குவிக்கும் ஆட்டக்காரரே இல்லை. அவர் தடுப்பவர். லீக் 1997இல் தொடங்கியது. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை முதல் இரண்டு வருடமும் வாங்கியவர் அவர்தான். உயரம் 5 அடி 8 அங்குலம், கூடைப்பந்தில் அது சாதாரணம். பந்தோடு வருகிறவளை அரங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விடாமல் ஒட்டிக்கொண்டே வருவார். வலக்கைக்காரியை இடப்பக்கம் தள்ளுவார். நடுவில் வர நினைப்பவளை ஓரக்கோட்டுக்கு ஒதுக்குவார். முப்பது விநாடிக் கடிகாரத்தில் பத்து விநாடி இப்படியே கரைந்துபோகும். கடைசியில் வேறு யாரோ, வேறு எங்கிருந்தோ, அவசரத்தில் ஒரு பந்தை எறிந்து தவறவிடுவார்கள். அட்டவணையில் அந்தத் தவறு எறிந்தவள் பெயரில் ஏறும். அதற்குக் காரணமானவள் பெயரில் எதுவும் ஏறாது.

கூடைப்பந்துக் கணக்குப் புத்தகமே அப்படி அமைந்தது. புள்ளியை ஆதியிலிருந்து எண்ணினார்கள். பந்தைப் பறிப்பதையும் மறிப்பதையும் ஆண்களின் என்.பி.ஏ. எழுதத் தொடங்கியதே 1973–74 பருவத்தில்தான். அதுவும் கண்ணுக்குத் தெரிகிற தடுப்பு மட்டும். கொடுக்க முடியாமல்போன பந்தையும், நுழைய முடியாமல்போன இடைவெளியையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நான் கேட்க நினைக்கும் கேள்வி இதுதான்: நடக்காமல் பார்த்துக்கொண்ட ஒருவருக்கு நாம் எதைக் கடன்பட்டிருக்கிறோம்?

எனக்கு இது விளையாட்டுக் கேள்வி மட்டும் இல்லை. என் அத்தை கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்கு ஜாகா வேலைக்குப் போகிறவர். ஒரு அடுக்குமாடியில் இரவுக் காவல். போன வருடம் அங்கே நிர்வாகக் குழு கூடி, "ரெண்டு வருஷமா ஒரு திருட்டும் இல்லையே, ராத்திரிக்கு எதுக்கு ரெண்டு பேரு?" என்று கேட்டு, ஒருவரை நிறுத்திவிட்டது. அத்தை மிஞ்சினார். சம்பளம் அதேதான், சுற்ற வேண்டிய மாடிகள் மட்டும் இரண்டு மடங்கு. "ஒன்னும் நடக்கலைன்னா என்ன வேலை பாத்தேன்னு கேப்பாங்கடா. ஏதாச்சும் நடந்துட்டா எங்க போயிட்டேன்னு கேப்பாங்க" என்றார். இரண்டு வருடம் திருட்டே இல்லாதது அவர்களுடைய உழைப்பின் விளைவு. அந்த விளைவையே காட்டி, உழைப்பு தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நடக்காத ஒன்றுக்கு யார் காரணம் என்று எப்படிச் சொல்வது? கிரகணத்தன்று தாம்பாளத்தில் உலக்கையை நிற்கவைத்தவர், சூரியன் திரும்பி வந்ததும் "என்னாலதான்" என்றால் சிரிப்போம். திருடன் வராததற்குத் திருடன் அந்தப் பக்கமே நினைக்காததும் காரணமாக இருக்கலாம். எதிராளி தவறவிட்டது அவளுக்குக் கைவலி என்பதாலும் இருக்கலாம்.

உண்மைதான். ஒரு இரவை, ஒரு பந்தை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் தடுப்பவரை வெளியே உட்கார வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பயிற்றுநர்கள் அப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள்; அவர் களத்தில் இருக்கும்போது எதிரணி எத்தனை புள்ளி எடுக்கிறது, இல்லாதபோது எத்தனை என்று. ஆட்டத்தில் அந்தச் சோதனைக்கு விலை நாலு புள்ளி. வாழ்க்கையில் விலை வேறு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய பிறகுதான் நாம் வடிகாலைப் பற்றியும் நீர் இறைக்கும் பம்புகளைப் பற்றியும் பேசினோம். கேடு வந்து சாட்சி சொன்னால்தான் காவலை நம்புவோம் என்பது அறிவின் எச்சரிக்கைபோலத் தெரியும். நடைமுறையில் அது, நஷ்டத்தை இன்னொருவர் தலையில் வைத்து நாம் பாடம் படிப்பது.

இது இன்றைய கோளாறும் இல்லை. தொல்காப்பியத்தில் புறத்திணை ஏழு. கோட்டையை முற்றுகையிடுவதும், உள்ளே நின்று காப்பதும் உழிஞை என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. மதில் காப்பவனுக்கு நொச்சி என்று தனித் திணை கிடைப்பது பிறகு வந்த புறப்பொருள் வெண்பாமாலையில். அதுவரை காப்பவனின் வீரமும் தாக்குபவனின் பெயரில்தான் வகுக்கப்பட்டது. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் உண்டு. அவன் காவல் நின்றதால் கள்வர் வராமலே போன இரவுகளுக்குக் கல் கிடையாது.

இந்த இடத்தில் நமக்கெல்லாம் பழக்கமான ஒரு பாராட்டு வந்து நிற்கும். "வெளியே தெரியாத வேர்", "சத்தமில்லாத தியாகம்". அன்னையர் தினத்துக்குத் தமிழ்ப்பள்ளி மேடையில் கேட்டிருப்பீர்கள். எனக்கு இந்தப் பாராட்டின்மேல் நம்பிக்கை இல்லை. தெரியாமல் இருப்பதையே ஒரு குணமாக்கிவிட்டால், தெரியவைக்க வேண்டிய பொறுப்பு நம்மிடமிருந்து கழன்றுவிடுகிறது. சம்பளம் உயர்த்த வேண்டியதில்லை, சால்வை போட்டால் போதும்.

வெதர்ஸ்பூன் அமைதியான வேர் இல்லை. கத்துவார், கை ஆட்டுவார், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூட்டத்தையே கிளப்பிவிடுவார். 1988இல் கல்லூரிக் கோப்பையும் சியோல் ஒலிம்பிக் தங்கமும் வென்றவர். ஆனால் சொந்த நாட்டில் பெண்களுக்கு நிலையான லீக் இல்லாததால் இத்தாலியிலும் ரஷ்யாவிலும் ஆடிச் சம்பாதித்தார். லீக் வந்தபோது அவருக்கு வயது 31. லிபர்ட்டியோடு நான்கு இறுதிச்சுற்று ஆடினார், நான்கிலும் தோல்வி. கோப்பை இல்லாத அவரை 2019இல் நெய்ஸ்மித் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். தடுப்புக்கென்று முதல் வருடத்திலிருந்தே ஒரு விருது, அதற்கொரு பெயர், யார் வாங்கினார் என்ற பதிவு இருந்ததும் அதற்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். நொச்சி தனித் திணையானதுபோல.

அந்தப் புகழ்பெற்ற வீச்சுக்கு மறுநாள் என்ன நடந்தது என்று பலருக்கும் தெரியாது. மூன்றாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் 59–47 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. அப்படியானால் அந்த வீச்சு செய்தது என்ன? ஒரு தோல்வியை ஒரு நாள் தள்ளிப்போட்டது. அதுவும் ஒரு தடுப்புதான். கண்ணுக்குத் தெரிகிற வடிவத்தில் வந்ததால் ஞாபகத்தில் நின்றது. வடிவம் இல்லாத மற்றவற்றுக்கு வடிவம் கொடுப்பது பார்த்துக்கொண்டிருக்கும் நம் வேலை. கடன் என்று நான் சொன்னது இதைத்தான். எண்ண வேண்டும், பெயரிட வேண்டும், அந்த எண்ணிக்கைக்குத் தக்க கூலி தர வேண்டும்.

ஜாகா அறையில் ஒரு நோட்டு இருக்கும். மணிக்கு ஒருமுறை சுற்றி வந்து அத்தை அதில் நேரம் போட்டு "ஓகே" என்று எழுதுகிறார். இரண்டு மணி, ஓகே. மூன்று மணி, ஆறாவது மாடியில் படிக்கட்டுக் கதவு திறந்து கிடந்தது, சாத்தியாச்சு, ஓகே. பக்கம் பக்கமாக இருக்கிறது. அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு யாராவது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போகலாம்.