கேட்கவில்லை என்றால் சொல்ல வேண்டாமா?

ஆயுத பூஜை அன்று காருக்கு மாலை போடுகிறோம். பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கும் விபூதி பூசிப் பொட்டு வைக்கிறோம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். எல்லாம் சரி. அதே எஞ்சினை விற்கும் நாளில் எப்படி நடந்துகொள்கிறோம்? அன்பு இளைஞர்களே, இந்தக் கேள்வி எனக்கு வந்த கதையைச் சொல்கிறேன்.

பழைய கொரோலா வைத்திருக்கும் நம் பையன்களுக்கு டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ எஞ்சின் மீது தனிக் கிறுக்கு உண்டு. 1983இல் வந்த எஞ்சின். 1,587 சிசி, இரட்டை கேம்ஷாஃப்ட். 1991இல் சிலிண்டருக்கு 5 வால்வு வீதம் 20 வால்வு எஞ்சினாக அது மறுபடி வந்தது. நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி திராட்டில். மிதித்தால் வரும் சத்தத்தைக் கேட்டவனுக்குத்தான் அந்த ஆசை புரியும். ஜப்பானில் ஓடிய கார்களைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் தேடினால் கிடைக்கும். நானும் தேடி ஒன்று வாங்கினேன். புஸ்பாகோமில் காட்டி, ஜே.பி.ஜே.யில் எஞ்சின் எண்ணையும் முறைப்படி மாற்றினேன்.

கொஞ்ச நாளில், பழைய ஆயிலை இறக்கிவிட்டுச் சரியான ஆயில் ஊற்றினேன். அன்று முதல் நீலப் புகை. ஃபோர்மன் கம்ப்ரெஷன் பார்த்தார். மூன்று சிலிண்டர் ஒரே அளவு, ஒன்று மட்டும் ரொம்பக் குறைவு. “ரிங் தேஞ்சு போச்சு தம்பி. கெட்டி ஆயில் ஊத்தி மறைச்சிருக்காங்க” என்றார். கடைக்குப் போய்க் கேட்டால், “நீ பார்த்துதானே எடுத்த?” என்று ஒரே பதில்.

நண்பன் வழி சொன்னான். “நீயும் கெட்டி ஆயில் ஊத்தி வித்துடு. கேட்டா சொல்லு, கேக்கலன்னா விடு.”

ஊற்றினேன். பாகான் செராயில் என் வீட்டுக்கு, அலோர் பொங்சு பக்கமிருந்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தான். பினாங்கில் ஃபேக்டரி வேலை. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். அவன் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தேன். பானெட்டைத் திறந்தேன். வால்வு கவரில் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு மங்கலாக இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தான். “பொட்டெல்லாம் வச்சிருக்கீங்க. நல்லாத்தான் பாத்துருப்பீங்கண்ணே.”

அவன் கம்ப்ரெஷன் பற்றிக் கேட்கவில்லை. புகை பற்றிக் கேட்கவில்லை. நான் பத்து நிமிடம் வாயைத் திறக்கவே இல்லை. சாமிக்கு வைத்த பொட்டு எனக்காகப் பொய்ச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அதுதான் என்னைச் சுட்டது. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். “சொன்னதுக்கு நன்றிண்ணே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எஞ்சின் விற்கவில்லை.

நண்பன் என்னை முட்டாள் என்றான். அவன் சொன்ன நியாயங்களை நாமும் சொல்லியிருப்போம். அவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

“வாங்குறவன்தான் பார்த்து வாங்கணும்.” உண்மை, ஆனால் பாதி உண்மை. பார்த்தால் தெரியக்கூடாது என்றுதானே கெட்டி ஆயில் ஊற்றினோம்? கண்ணைக் கட்டிவிட்டு, பார்க்கவில்லையே என்று குறை சொல்ல முடியாது.

“பொய் ஒன்னும் சொல்லலையே!” வாய் சொல்லவில்லை, கை சொன்னது. திருக்குறளில் கள்ளாமை 29ஆம் அதிகாரம், வாய்மை 30ஆம் அதிகாரம். பதஞ்சலி சொன்ன யமங்களிலும் சத்தியமும் அஸ்தேயமும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. குறையை மறைத்து வாங்கிய ஒவ்வொரு வெள்ளியும் திருடிய வெள்ளிதான். ரிங் தேய்ந்த எஞ்சின் ஆயிலைக் குடிக்கும். தெரியாமல் ஓட்டினால் ஆயில் வற்றி, நெடுஞ்சாலையில் எஞ்சின் இறுகி நிற்கும். அப்போது காரில் அவன் அம்மாவும் இருக்கலாம்.

“என்னையும் ஏமாத்தினாங்களே, என் காசு?” இதுதான் கஷ்டமான கேள்வி. நான் தள்ளிவிட்டால் நஷ்டம் ஒழியாது. அடுத்தவன் கைக்குப் போகும். அவனும் கெட்டி ஆயில் வாங்குவான். யாராவது ஒருவன் கையில் அது நிற்க வேண்டும். வினை தொடராமல் அறுவது அங்கேதான். அதற்கு விலை உண்டு. நான் கொடுத்தேன், வலித்தது.

அப்படியானால் எல்லாக் குறையையும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமா? தெரிந்ததைச் சொன்னால் போதும். தெரியாததற்கு ‘தெரியாது’ என்பதும் சத்தியம்தான். ஆனால் எதையும் பார்க்காமல் வைத்திருந்துவிட்டு ‘தெரியாது’ என்பது தப்பித்தல். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், டைமிங் பெல்ட் மாற்றிய நாள், கம்ப்ரெஷன் அளவு எல்லாவற்றையும் எழுதுங்கள். விற்கும்போது சாவியோடு அதையும் கொடுங்கள்.

என் எஞ்சினுக்குப் புது ரிங் போட்டாகிவிட்டது. நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பழைய கம்ப்ரெஷன் அளவை எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த நோட்டுக்கும் ஒரு பொட்டு வைப்பேன்.