விரதம் யாருக்காக?

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பூட்டு, பிரியாணி, ஊருக்கு நடுவே ஒற்றைப் பாறையாக நிமிர்ந்து நிற்கும் மலைக்கோட்டை... விரதத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் பிரியாணியைக் கொஞ்சம் தள்ளியே வைப்போம்!

2025-ஆம் வருடத்து மாசி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கோட்டையின் அடிவாரத்தில் கோயில் கொண்டிருக்கும் கோட்டை மாரியம்மனுக்கு மாசிதான் திருவிழா மாதம். பூச்சொரிதல், கொடியேற்றம், பூக்குழி என்று ஊரே மஞ்சளாகிவிடும். அந்த மாசியில், மார்ச் 2-ஆம் தேதி ரமலான் நோன்பு தொடங்கியது. நோன்பின் நான்காம் நாள், மார்ச் 5 அன்று, சாம்பல் புதன். கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு அதுதான் முதல் நாள். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் காரடையான் நோன்பும் வந்து சேர்ந்துகொண்டது.

இஸ்லாமிய மாதங்கள் பிறையைப் பார்த்து நடப்பவை. வருடத்துக்குப் பத்து, பதினோரு நாட்கள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அதனால் இப்படி ஒரு சேர்க்கை எல்லா வருடமும் அமைவதில்லை. ஒரே ஊரில், ஒரே வெயிலில், ஒரு தெருவில் கையில் காப்புக் கட்டிய பெண்கள். பேகம்பூரில் நோன்பு வைத்தவர்கள். புனித வளனார் பேராலயத்தில் நெற்றியில் சாம்பல் பூசி வந்தவர்கள். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. அவரவர் பஞ்சாங்கம் அவரவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

சரி, இத்தனை பேர் எதற்காகப் பட்டினி கிடக்கிறார்கள்?

'இதென்ன கேள்வி, வேண்டுதல்தான்' என்பீர்கள். பிள்ளைக்கு வேலை கிடைக்கவேண்டும், பெண்ணுக்கு வரன் அமையவேண்டும், ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாகத் திரும்பவேண்டும்... 'நீ இதைக் கொடு, நான் தீச்சட்டி எடுக்கிறேன்' என்று அம்மனிடம் ஒப்பந்தம் போடுகிறோம். இதில் குற்றம் ஒன்றுமில்லை. தாயிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? ஆனால், கேட்டது கிடைக்காவிட்டால்? 'எத்தனை வருஷமாகச் செய்கிறேன், எனக்குக் கண் திறக்கவில்லையே' என்று மனம் கசந்து, கோயில் பக்கமே போகாமல் விட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வியாபாரமாகத் தொடங்கியது, நஷ்டம் வந்ததும் கடையை மூடிக்கொள்கிறது.

நோன்பு என்ற சொல்லை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பாவை நோன்பு என்கிறோம். காரடையான் நோன்பு என்கிறோம். முஸ்லிம் சகோதரர்களும் ரமலான் நோன்பு என்றே சொல்கிறார்கள். 'நோன்றல்' என்றால் பொறுத்துக்கொள்ளுதல். திருக்குறளில் தவம் என்கிற அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் தவத்தின் வடிவம் எது என்று சொல்லிவிடுகிறார். அவர் சொல்வது இரண்டு. தனக்கு வரும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது ஒன்று; பிற உயிருக்குத் துன்பம் செய்யாமலிருப்பது இன்னொன்று. நாம் முதல் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். வெறும் காலோடு நடக்கிறோம், தரையில் படுக்கிறோம், தாளிதம்கூட இல்லாமல் சாப்பிடுகிறோம். இரண்டாவது பாதி..?

மஞ்சள் துணியோடு கல்லாவில் உட்கார்ந்து எடையில் கை வைத்தால், அது எந்தக் கணக்கில் சேரும்? காப்புக் கட்டிய கையாலேயே வீட்டு வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தை இழுத்தடித்தால்? இதைக் கேட்பது விரதத்தைக் குறை சொல்வதற்காக அல்ல. விரதம் இருக்கச் சொன்ன பெரியவர்களே இதைக் கேட்டிருக்கிறார்கள். அதுதான் ஆச்சரியம்!

வள்ளுவர், தவத்தைப் புகழ்ந்து ஓர் அதிகாரம் எழுதியவர், அதற்கு அடுத்தே 'கூடாவொழுக்கம்' என்று ஓர் அதிகாரம் வைத்துப் போலித் தவசிகளை வெளுத்து வாங்குகிறார். பைபிளின் பழைய ஏற்பாட்டில் எசாயா என்ற இறைவாக்கினர், நோன்பு நாளிலும் கூலியாட்களை வதைக்கிறவர்களைப் பார்த்துக் கோபப்படுகிறார். பசித்தவனோடு உணவைப் பகிர்வதும், நுகத்தடியில் கிடப்பவனை அவிழ்த்துவிடுவதும்தான் ஆண்டவனுக்குப் பிடித்த நோன்பு என்கிறார். நபிகள் நாயகமோ, பொய் பேசுவதை விடாதவர் உணவையும் தண்ணீரையும் விட்டுவிடுவதில் இறைவனுக்கு எந்தத் தேவையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

பாருங்கள்... வெளியிலிருந்து யாரோ வந்து கேலி செய்ததல்ல இது. தன் வீட்டுப் பிள்ளையைத் தாயே அதட்டுகிற மாதிரி, ஒவ்வொரு சமயமும் தன் விரதக்காரர்களைத் தானே அதட்டியிருக்கிறது. மதம் மனிதனுக்கு வழிகாட்டுகிறதா என்று கேட்பவர்களுக்கு என்னுடைய முதல் பதில் இந்த அதட்டல்தான்.

இனி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். மாசி கடைசியில் திண்டுக்கல் வெயில் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். பேகம்பூர் பெரிய பள்ளிவாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம். அந்தப் பகுதிக்குப் பெயரே அவரால் வந்ததுதான். மாலைத் தொழுகைக்கு முன் ஒருவர் ஒளு செய்கிறார். கை, முகம், கால் கழுவுவதோடு வாயும் கொப்பளிக்கவேண்டும். விடியலுக்கு முன் சாப்பிட்டது, நாக்கு ஒட்டிப்போயிருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் வாய் நிறைய இருக்கிறது. ஒரு மடக்கு உள்ளே போனால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. அவர் துப்பிவிடுகிறார்.

நூறு நூல்கள் சொல்லிக்கொடுக்க முடியாததை அந்த ஒரு வாய்த் தண்ணீர் சொல்லிக்கொடுத்துவிடும். யாரும் பார்க்காத இடத்தில் 'வேண்டாம்' என்று தனக்குத்தானே சொல்லிப் பழகியவர், நாளைக்கு ஆபீசில் மேஜைக்கு அடியில் ஒரு கவர் நீளும்போதும் அதே வார்த்தையைச் சொல்லக் கொஞ்சம் பயிற்சி பெற்றவராகிறார். கட்டாயம் சொல்லிவிடுவார் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்; பயிற்சி வேறு, பரீட்சை வேறு. ஆனால், பயிற்சியே இல்லாதவரின் கதியை நினைத்துப் பாருங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளபட்டி அருகே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய நிறுவனம். அந்த ஊருக்குப் பெயர் தந்தவரின் வாழ்க்கையே ஒரு விரதத்தில் பிறந்ததுதான். காந்திஜியின் தாயார் புத்லிபாய், மழைக்கால விரதத்தில் சூரியனைப் பார்க்காமல் சாப்பிடமாட்டார். பிள்ளைகள் முற்றத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சூரியன் எட்டிப் பார்த்ததும் 'அம்மா, அம்மா' என்று ஓடுவார்கள். அவர் வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிடும். 'பரவாயில்லை, இன்று நான் சாப்பிடுவதில் பகவானுக்கு விருப்பமில்லை' என்று சிரித்த முகத்தோடு வேலையைப் பார்க்கப் போய்விடுவாராம்.

1888-ல் அந்தப் பிள்ளை லண்டனுக்குக் கப்பலேறும்போது, மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று தாய் முன்னால் சத்தியம் செய்தார். செய்து வைத்தவர் பேச்சர்ஜி சுவாமி என்ற சமணத் துறவி. லண்டனில் உப்புச்சப்பில்லாத காய்கறியைத் தின்று பாதி வயிற்றோடு கிடந்தபோது, 'படிக்காத தாய்க்குச் செய்துகொடுத்த சத்தியத்துக்கு என்ன மதிப்பு?' என்று நண்பர் ஒருவர் வாதாடினார். இளைஞரிடம் பதில் இல்லை. மாமிசம் சாப்பிடுவது தப்பு என்று அவரே அப்போது நம்பவில்லை. சத்தியம் செய்துவிட்டோமே என்று மட்டும் இருந்தார். பிறகுதான் ஒரு சைவ உணவு விடுதியில் ஹென்றி சால்ட் எழுதிய புத்தகம் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து தன் விருப்பத்தாலேயே சைவரானார்.

இந்த வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் விரதம் வந்தது. காரணம் பின்னால்தான் வந்தது. புரிந்த பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், புரிவதற்குள் கை நழுவிவிடும். காரணம் வந்து சேரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தச் சத்தியம். வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்று தேடுகிற இளைஞர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். நோக்கம் என்பது ஒருநாள் வானத்திலிருந்து விழுவதில்லை. சின்னதாக ஒரு வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே வரும்போது ஒருநாள் பக்கத்தில் வந்து நிற்கிறது.

'கடவுளை நம்பாதவர்களும் நேர்மையாக இருக்கிறார்களே?' என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை எப்படி மறுக்கமுடியும்! அவர்களும் ஏதோ ஒரு வாக்கைக் காப்பாற்றுகிறவர்களே. சமயம் கூடுதலாகக் கொடுப்பது என்னவென்றால், ஒரு தேதி, கூட நடக்கச் சில பேர், தவறிவிட்டால் திரும்பி வர ஒரு வாசல். இந்த மூன்றாவதை லேசாக நினைக்காதீர்கள். நோயாளியும் பயணியும் நோன்பை விட்டுப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அறவே முடியாதவர் ஓர் ஏழைக்கு உணவளிக்கவேண்டும். தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் உண்டு. நம் கோயில்களில் பரிகாரம் உண்டு. தன்னந்தனியாக நல்லவனாக இருக்க முயல்கிறவன் ஒருமுறை வழுக்கினால், 'நாம் இவ்வளவுதான்' என்று உட்கார்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

அப்படியானால் எல்லாச் சமயமும் ஒன்றுதானா? மேடையில் அப்படிச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடலாம். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. முஸ்லிமுக்கு ரமலான் நோன்பு வேண்டுதல் அல்ல, கடமை. இறைவன் கட்டளைக்குக் கீழ்ப்படிவது. கிறிஸ்தவருக்குத் தவக்காலம் மனம் வருந்தித் திரும்புவது. காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவன், சகோதரனுக்குத் தன் மீது மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகவேண்டும் என்று இயேசு சொன்னது அந்த நாட்களில் உறைக்கும். நமக்கோ அம்மன், தாய். கோபித்துக்கொள்ளலாம், கொஞ்சலாம், மடியில் விழுந்து அழலாம். மூன்றும் வேறுவேறு உறவுகள். ஒன்றை இன்னொன்றாக மாற்றிச் சொன்னால் மூன்றுக்குமே மரியாதை இல்லை. கோட்டை மாரியம்மனை முதலில் நிறுவி வழிபட்டவர்கள் திப்பு சுல்தானின் படைவீரர்கள் என்று திண்டுக்கல்லில் சொல்வார்கள். அம்மன் அம்மனாகவும் பள்ளிவாசல் பள்ளிவாசலாகவும் இருந்துகொண்டுதான் அந்த ஊர் இத்தனை காலம் ஒன்றாக இருந்திருக்கிறது.

விரதம் யாருக்காக என்ற கேள்விக்கு நம் சமயத்திலேயே ஓர் அழகான பதில் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் சமயபுரம். அங்கே மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலோடு பச்சைப் பட்டினி விரதம் தொடங்கும். 28 நாட்கள். இருப்பது யார் தெரியுமா? பக்தர்கள் மட்டுமல்ல, அம்மனே! உலக மக்கள் நோய்நொடியின்றி இருக்கவேண்டும் என்று மாரியம்மனே பட்டினி கிடக்கிறாள். அந்த நாட்களில் வழக்கமான தளிகை நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு மட்டும்தான். கேட்டதைக் கொடுக்கவேண்டியவள், கேட்கிறவர்களுக்காகத் தானே நோன்பிருக்கிறாள். ஒப்பந்தக் காகிதத்தோடு அவள் முன்னால் போய் நிற்கும்போது இது நினைவுக்கு வந்தால், காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளத் தோன்றும்.

இன்னொரு காட்சி, திண்டுக்கல்லிலேயே. முத்தழகுப்பட்டியில் புனித செபஸ்தியார் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் திருவிழா. குழந்தை பிறந்ததற்கு, நோய் தீர்ந்ததற்கு என்று நேர்ந்துகொண்டவர்கள் ஆடு, கோழி, அரிசி, காய்கறி என்று கொண்டுவந்து குவிப்பார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் அல்ல, இந்துக்களும் நேர்ந்துகொள்வார்கள். வந்ததையெல்லாம் மொத்தமாகச் சேர்த்துச் சமைத்து அன்னதானம். (அசைவம்தான்! தள்ளி வைத்தும் வந்துவிட்டது பாருங்கள்.) பெரிய பெரிய அண்டாக்களில் உலை கொதிக்கும். மறுபடியும் நேர்ந்துகொள்ள வந்தவர், நேர்ந்ததைச் செலுத்த வந்தவர், ஒன்றும் நேராமல் பசிக்காக மட்டும் வந்தவர் எல்லோரும் ஒரே வரிசையில். தட்டில் விழுகிற சோறு யார் வீட்டு வேண்டுதல் என்று பரிமாறுகிறவருக்கும் தெரியாது. சாப்பிடுகிறவரும் கேட்பதில்லை.