மாற்றிய பாகமும் மறைக்காத மனமும்

கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக ஆனைகட்டிக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மாங்கரைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. ஆனைகட்டியைக் கடந்தால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி. இத்தகைய மலைச்சாலைகளில் வண்டி ஓட்டுவோருக்குச் சொல்லப்படும் பழைய பாடம் ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறவேண்டுமோ, அந்த கியரிலேயே இறங்கவும் வேண்டும். இறக்கத்தில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பது என்ஜின். பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகவே, வேண்டிய நேரத்தில் வேண்டிய கியர் விழுவது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

பழைய கார்களைப் புதுப்பிப்போர் இதை மறந்துவிடுவதுண்டு. கண்ணைப் பறிக்கும் வண்ணமும் பளபளக்கும் பம்பரும் காரில் அமைந்துவிடும். கியர் லிவர் மட்டும் கையில் தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கும்.

சிறு வளையத்தின் பணி

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு என்னும் காரைத் தயாரித்தது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. இவற்றில் கியர் லிவர், கியர் பெட்டிக்குள் நேரடியாக இறங்குவதில்லை. இடையே ஒரு தண்டும், அதன் இணைப்புகளில் ‘புஷ்’ எனப்படும் சிறு வளையங்களும் உள்ளன. புஷ் மென்மையான பொருளால் ஆனது. தான் தேய்ந்து, விலையுயர்ந்த உலோகப் பாகங்களைத் தேயாமல் காப்பதே அதன் பணி.

பல ஆண்டுகளில் புஷ் தேய்ந்துபோகும்போது லிவரில் ஆட்டம் ஏற்படுகிறது. ஓட்டுநர் இரண்டாம் கியரை நாடித் தள்ளினாலும் அது சரியாக விழுவதில்லை. அப்போது மூன்று தவறுகள் நேரக்கூடும். பலத்தைப் பிரயோகித்துத் தள்ளுவது ஒன்று. இதனால் உள்ளே இருக்கும் நல்ல பாகங்களும் கெடுகின்றன. குற்றம் கியர் பெட்டியில்தான் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் பிரித்துப்போடுவது இரண்டாவது. லிவருக்குப் புதிய கைப்பிடியும் தோலுறையும் மாட்டி, குறையை மூடிவிடுவது மூன்றாவது.

அனுபவமுள்ள தொழிலாளி இம்மூன்றையும் செய்யமாட்டார். முதலில் ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்பார். மேலிருந்து ஒவ்வோர் இணைப்பாகச் சோதிப்பார். தேய்ந்த புஷ்ஷைக் கழற்றி, அளவெடுத்து, கடையில் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து மாற்றுவார். இதற்குத் தேவைப்படுவது பொறுமை. தன் ஊகத்தைவிட உண்மையை மதிக்கும் பணிவு.

எதுவரை அது அதுவே?

இங்கு ஆழமான கேள்வி ஒன்று எழுகிறது. இன்று புஷ்ஷை மாற்றினார்கள். நாளை கியர் பெட்டி, மறுநாள் என்ஜின், அடுத்து உடற்கூடு. அனைத்தும் மாறியபின் எஞ்சுவது அதே காரா, வேறொரு காரா?

பாரதத்தில் இக்கேள்வி மிகப் பழமையானது. கிரேக்க வம்சத்து அரசன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நடந்த உரையாடலாக ‘மிலிந்த பஞ்ஹ’ என்னும் பாலி நூல் அமைந்துள்ளது. சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் தேரன்று என்று அரசன் ஒப்புக்கொள்கிறான். இவை சேர்ந்து நிற்கும்போது வழங்கும் பெயரே தேர் என்பது அங்கே வெளிப்படும் கருத்து.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப்பின், 1990-இல், லண்டன் உயர்நீதிமன்றத்தின் முன் இதே கேள்வி வந்து நின்றது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற பென்ட்லி காருக்கு ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர். பந்தயத்துக்காகவும், பின்னர் ஒரு கோரவிபத்துக்குப் பிறகும் அது பலமுறை மாற்றியமைக்கப்பட்டது. அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், ‘இது அந்தக் காரே அன்று’ என்று பின்வாங்கியது. வழக்கை விசாரித்த நீதிபதி ஆட்டன், தொடக்கத்தில் இருந்தபடியே இருக்கும் கார் என்று அதைச் சொல்ல முடியாது என்றார். ஆயினும் அதன் வரலாறு அறுபடாமல் தொடர்ந்து வந்துள்ளது. அப்பெயருக்கு உரிமை கொண்டாட வேறு கார் எதுவும் இல்லை. ஆகவே இதுவே ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று தீர்ப்பளித்தார்.

அந்தக் காருக்கு அந்தப் பெயரைத் தந்தது அதன் உலோகமன்று, அதன் வரலாறு. வரலாறு தொடரவேண்டுமானால், நடந்ததை மறைக்காத நேர்மை வேண்டும். பழைய வாகனச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும் இதையே வலியுறுத்துகிறது. மாற்றம் இன்றியமையாத அளவுக்கே செய்யப்பட வேண்டும். செய்தவை பதிவு செய்யப்பட வேண்டும். புதிதாகப் பொருத்திய பாகம் புதியது என்று தெரியும்படி அடையாளமிடப்பட வேண்டும். இந்திய அரசு 2021-இல் வகுத்த விதியும், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனம் ‘விண்டேஜ்’ எனப் பதிவு பெற, அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாமல் இருக்கவேண்டும் என்கிறது.

மனிதனின் பழுதும் மராமத்தும்

மனிதனும் தன்னைச் சீர்செய்து கொள்கிறான். தீய பழக்கத்தை விடுகிறான். நல்ல பழக்கத்தை ஏற்கிறான். குடியை விட்டொழித்த ஒருவர் தம் குடும்பத்தாரிடம், ‘அந்த மனிதன் வேறு, நான் வேறு’ என்று சொல்லலாமா? அவர் மாறியது உண்மை. ஆனால் அன்று அடிபட்ட மனைவியும், பசியோடு உறங்கிய குழந்தையும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்த மனிதன் வேறு என்றால் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்? பட்ட கடனைத் தீர்க்க வேண்டியவர் யார்?

‘நான் என்றும் பழுதில்லாதவன்’ என்று நடிப்பது பொய். ‘பழையவனோடு எனக்குச் சம்பந்தமில்லை’ என்று நழுவுவதும் பொய். ‘அதே மனிதன்தான், இந்த இடத்தில் தேய்ந்துபோனேன், இதை மாற்றிக்கொண்டேன்’ என்பதே மெய். அப்படிச் சொல்பவரின் திருத்தத்தை மற்றவர்கள் நம்ப முடியும். எங்கே பழுது இருந்தது என்று அவர்களுக்குத் தெரிவதால், அது மீண்டும் தளரும்போது அன்போடு எச்சரிக்கவும் முடியும்.

நல்ல தொழிலாளி, கழற்றிய பழைய புஷ்ஷை வீசிவிடுவதில்லை. தேதி எழுதி, ஒரு சிறு பையிலிட்டு, காரின் உரிமையாளரிடம் ஒப்படைத்துவிடுவார். காரை நாளை வாங்குபவர் கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு அது உதவும்.