வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து

இன்ஜினியரிங் கடைசி வருஷம், திருச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து என் ரெஸ்யூமேவில் ஒரு வேலை பார்த்தேன். எனக்குச் சரியாகத் தெரியாத பத்துப் பன்னிரண்டு விஷயங்களை, ஜாவா, லினக்ஸ் என்று, கடைசி வரிக்குக் கீழே பொடி எழுத்தில் அடித்து நிறத்தை வெள்ளையாக்கினேன். மனுஷக் கண்ணுக்குத் தெரியாது; ஆள் வடிகட்டும் மென்பொருளுக்குத் தெரியும். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனைக் கூப்பிடவில்லை. அவன் மார்க் என்னைவிட அதிகம்.

எல்லாரும் பண்றதுதானே என்று விட்டுவிட்டேன். 2025 ஜூலையில் நிக்கேய் ஏசியா பத்திரிகையின் செய்தி ஒன்று அதைக் கிளறிவிட்டது. ஆர்க்கைவ் தளத்தில் இருந்த 17 ஆய்வுக் கட்டுரைகளில் இதேபோல வெள்ளை எழுத்திலும் பொடி எழுத்திலும் ஏஐக்குக் கட்டளைகள்: நல்லதாக மட்டும் மதிப்பிடு, குறை சொல்லாதே. எழுதியவர்கள் 8 நாடுகளில் 14 நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். மதிப்பிடும் வேலையை ஏஐ தலையில் கட்டும் சோம்பேறிகளைப் பிடிக்கத்தான் என்று ஒரு வாதமும் வந்தது. எலிப்பொறி வைக்கிறவன் எலியிடம் 'எனக்கு நல்ல மார்க் போடு' என்று கேட்பானா?

இணையப் பக்கத்தில் ஒளிக்க வெள்ளை எழுத்துகூட வேண்டாம். யூனிகோடில் அகலமே இல்லாத எழுத்துகள் இருக்கின்றன. இரண்டு வகையை எடுத்து ஒன்றை 0, மற்றதை 1 என்று வைத்துக்கொண்டால் இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு கடிதத்தையே புதைக்கலாம்.

அப்படியானால் ஒளிப்பதே தப்பா? ஸ்ரீரங்கத்தில் ரகசியம் என்று பேச்செடுத்தால் ராமானுஜர் திருக்கோஷ்டியூரில் கோபுரம் ஏறிய கதையைச் சொல்வார்கள். எனக்கு நினைவு வருவது வேறு. வேதாந்த தேசிகர் ரங்கநாதரின் பாதுகையைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் 1008 சுலோகங்கள் பாடினார், பாதுகா சகஸ்ரம். ஸ்ரீரங்கத்தில் ஒரே இரவில் பாடியதாக மரபு. அதில் 929ஆம் சுலோகத்துக்கு 32 எழுத்து. பாதி செஸ் போர்டு மாதிரி நான்கு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்புங்கள். முதல் கட்டத்தில் குதிரையை வைத்து, எந்தக் கட்டத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் 32 கட்டமும் தாவவிடுங்கள். குதிரை மிதித்த வரிசையில் எழுத்துகளைப் படித்தால் இன்னொரு சுலோகம் வரும். அதுதான் 930. (தேசிகர்தான் முதல் ஆள் என்று வாட்ஸ்ஆப்பில் வரும். இல்லை, 9ஆம் நூற்றாண்டிலேயே காஷ்மீரத்து ருத்ரடர் குதிரைச் சுலோகம் எழுதியிருக்கிறார்.)

எனக்குப் பிடித்தது அந்தக் குதிரைத்தாவல்கூட இல்லை. ஒளித்து வைத்ததையே அடுத்த சுலோகமாக வெளியிலும் வைத்திருக்கிறார். குதிரையைக் கண்டுபிடிக்காதவருக்கும் ஒரு நஷ்டமும் கிடையாது; கண்டுபிடித்தால் கூடுதல் சந்தோஷம். ஒளித்தது வாசிப்பவருக்காகத்தான். என் ரெஸ்யூமேவில் அப்படியில்லை. படிக்கிற மனுஷருக்கு ஒன்றைக் காட்டி, அவர் முதுகுக்குப் பின்னால் மெஷினிடம் வேறொன்றைச் சொன்னேன்.

சரி, சென்சாருக்குப் பயந்து கடிதத்தில் சேதி ஒளிக்கிறவரும் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால்தானே பேசுகிறார்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் ஏமாற்றுவது தன் கழுத்தில் கைவைத்திருக்கும் அதிகாரத்தை. நானும் அன்றைக்கு இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்: அவ்வளவு பெரிய கம்பெனி, ஈவிரக்கமில்லாத மெஷின், அதை ஏமாற்றினால் என்ன? ஆனால் கம்பெனிக்கு ஒன்றும் குறையவில்லை, அதற்கு ஒரு ஆள் வேண்டும், கிடைத்தது. இடம் போனது என் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு. அவனுக்கு எதிராக ஒரு வரி எழுதப்பட்டது அவனுக்கே தெரியாது. பதில் சொல்லவும் வழியில்லை.

போன மாசம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். காபி குடித்தோம். "உனக்கு அப்பவே கிளிக் ஆயிடுச்சுடா" என்றான், பொறாமையே இல்லாமல். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஸ்ரீரங்கம் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.