அறிந்து விற்பதும் அறியாது விற்பதும்



நான் அதிகம் கற்றவனல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் படிப்பு. மற்றதெல்லாம் கல்லாப்பெட்டியருகே உட்கார்ந்து கற்றவை. அங்கே எழுந்த ஒரு கேள்வியையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

சிங்கப்பூரிலுள்ள என் மளிகைக் கடைக்கு ஓர் ஆங்கிலேயப் பெரியவர் பல ஆண்டுகளாக வாடிக்கை. மாதக் கணக்கைத் தேதி தவறாமல் தீர்ப்பவர். இங்கிலாந்தில் கெண்ட் வட்டாரத்தைச் சேர்ந்த அவர், அங்கே வீட்டுக் கொல்லையில் ஹாப்ஸ் என்னும் கொடியை வளர்த்து, அதன் பூவைக் கொண்டு தமக்கு வேண்டிய பியரைத் தாமே காய்ச்சி வந்தவர். விற்பனைக்கன்றிச் சொந்தத்துக்குக் காய்ச்சுவதற்கு அந்நாட்டில் 1963 முதல் லைசென்ஸ் தேவையில்லை.

அந்தக் கொடியைப் பற்றி அவர் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வேர்த்துண்டை நட்டுக் கயிறு கட்டிவிட்டால், சுற்றிச் சுற்றி ஒரே கோடையில் 20 அடி ஏறிவிடுமாம். பெண்கொடியில்தான் பச்சைச் செதில் அடுக்கிய கூம்புப் பூ வரும். அதைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் தூள். கசப்பும் வாசனையும் அதில்தான். முதலாண்டு விளைச்சல் சொற்பம். மூன்றாம் ஆண்டில்தான் நிறையப் பூக்கும். செப்டம்பர் வாக்கில் பறித்து உலர்த்துவார்கள். 20 லிட்டர் பியருக்குச் சாதாரணமாக 50 கிராம் உலர்ந்த பூ போதும். குளிர்காலத்தில் கொடி மடியும். வேர் மட்டும் உயிரோடிருந்து மறுபடி தளிர்க்கும்.

இங்கேயும் அவர் தொட்டியில் நட்டுப் பார்த்தார். கொடி இடுப்பளவு ஏறி, பேருக்கு நாலு பூ விட்டு ஓய்ந்துவிட்டது. அதற்குக் குளிர்கால உறக்கமும் நீண்ட கோடைப் பகலும் வேண்டும். நமக்கோ வருஷமெல்லாம் பகல் 12 மணி நேரம்தானே!

ஒருநாள் அவர் ஒரு பட்டியலுடன் வந்தார். "முதலாளி, உலர்ந்த ஹாப்ஸும் முளைகட்டிய பார்லியும் வரவழைத்துத் தாருங்கள். என் நண்பர்களும் வாங்குவார்கள். வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்ச இந்நாட்டுச் சட்டமே இடம் தருகிறது. நீங்கள் விற்பது பூவைத்தானே, பியரை அல்லவே!" என்றார்.

மூன்று நாள் தவணை கேட்டேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாம் சர்க்கரை விற்கிறோம், ஈஸ்ட் விற்கிறோம், பார்லி விற்கிறோம். வாங்குகிறவர் ரொட்டி சுடுவாரா, கஞ்சி காய்ச்சுவாரா, மது ஊறவைப்பாரா என்று எவரிடமேனும் கேட்டதுண்டா? பேரீச்சம்பழம் ஊறிய நீர் இனிக்கும்வரை ஹலால். அதுவே புளித்துப் போதை தருமானால் ஹராம். ஆகவே குற்றம் பழத்திலுமில்லை, பூவிலுமில்லை.

இது புதிய மஸலாவும் அன்று. மது ஆக்குகிறவனுக்குத் திராட்சைச் சாறு விற்கலாமா என்று நம் இமாம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். மதுவாக்குவான் என்று உறுதியாகத் தெரிந்தால் விற்பது ஹராம், சந்தேகம் மட்டுமிருந்தால் மக்ரூஹ் என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. இமாம் அபூஹனீஃபா அவர்களோ, பாவம் சரக்கில் இல்லை, வாங்கியவன் செய்கையில் இருக்கிறது என்று கருதி அனுமதித்தார்கள். அவர்களுடைய மாணாக்கர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் அதை வெறுக்கத்தக்கதென்றே கூறினார்கள்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லுகிறேன். நாற்பது வருஷமாக ஷாபிஈயாக இருந்தவன், அந்தப் பட்டியலைக் கண்ட இரவில் ஹனஃபியாகிவிடப் பார்த்தேன்! ஹனஃபி சகோதரர்கள் வருந்த வேண்டாம். குறை அந்த மத்ஹபில் இல்லை. என் நிய்யத்தில் இருந்தது. நான் தேடியது மார்க்கத் தீர்ப்பையல்ல, லாபத்துக்கு ஒரு சாட்சியை.

அது விளங்கியதும் பதிலும் விளங்கிவிட்டது. சர்க்கரை வாங்குகிறவரின் அடுப்படியை எட்டிப் பார்ப்பது நம் வேலையன்று. பிறர்மீது வீண் சந்தேகம் கொள்வதும் பாவம்தான். ஆனால் இவரோ இன்னதற்கென்று தம் வாயாலேயே சொல்லிவிட்டார். அறிந்த பிறகு, 'சரக்கை மட்டும்தானே விற்றேன்' என்பது பிறரை ஏமாற்றும் சொல்லல்ல. தன்னைத்தானே ஏமாற்றும் சொல். அவர் காய்ச்சுவது அவர் வழக்கம். அதை நான் இழித்துப் பேசவில்லை. "இந்தச் சரக்கு மட்டும் என் கடையில் வராது, ஐயா" என்று பணிவாகச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. "கொடிக்கு மூன்று வருஷம் காத்தவன் நான், உங்கள் பதிலுக்கு மூன்று நாள் காத்ததில் நஷ்டமில்லை" என்று சிரித்தார். பிறகு என் முதுகுக்குப் பின்னால் மூடியிருந்த சிகரெட் அலமாரியைப் பார்த்து, "அதை மட்டும் அறியாமலா விற்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அவர் கணக்கு பாதியாகக் குறைந்தது. அந்த நஷ்டம் எனக்குப் பெரிதில்லை. அவர் விட்டுப்போன கேள்விதான் கடை சாத்திய பின்னும் என்னோடு வீட்டுக்கு வருகிறது. ஹாப்ஸை மறுத்தது எனக்கு எளிதாயிருந்தது. ஏனெனில் அதை நான் ஒருநாளும் விற்றதில்லை. நாள்தோறும் பணம் தரும் சரக்கை மறுப்பதல்லவா பரீட்சை! சிகரெட் விற்கும் லைசென்ஸைப் புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது. சகோதரர்களே, உங்கள் அலமாரிகளையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். எனக்காகவும் துஆச் செய்யுங்கள்.

அறிந்ததை அறியாததுபோல் விற்கும் நிலையிலிருந்து அல்லாஹ் நம் யாவரையும் காப்பானாக! ஆமீன்.