ஒரே ஆள், பல நாற்காலிகள்

1978 தொடக்கத்தில் பிரான்ஸ் அதிபர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேனிடம் ஓர் அறிக்கை கொடுக்கப்பட்டது. கணினி ஒரு சமூகத்தின் வாழ்க்கையை எப்படி மாற்றப்போகிறது என்பதுதான் அதன் பொருள். எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிமோன் நோரா. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடியவர், நிதித்துறையில் பழுத்த அதிகாரி. இன்னொருவர் அலேன் மேங்க். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அரசு அறிக்கைகள் பெரும்பாலும் அலமாரியோடு முடிந்துபோகும். இதுவோ புத்தகக் கடைகளில் பரபரப்பாக விற்றது, வேற்று மொழிகளுக்கும் போனது. தொலைபேசியும் கணினியும் ஒன்றாகிவிடும், தகவல் களஞ்சியம் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் அதிகாரம் குவியும், ஐபிஎம் போன்ற ஒரு நிறுவனத்தின் முன்னால் ஒரு தேசமே பலமிழந்து நிற்க நேரலாம் என்று அது எச்சரித்தது. இணையம் பொதுமக்களிடம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட வரிகள் இவை.

அறிக்கை தந்த அரசியல் உந்துதலும் தொலைத்தொடர்புத் துறைப் பொறியாளர்களின் உழைப்பும் சேர்ந்து மினிதெல் பிறந்தது. சிறிய திரையும் மடித்து மூடும் விசைப்பலகையும் கொண்ட ஒரு பெட்டி. தொலைபேசிச் சந்தாதாரர்களுக்கு அரசே அதை இலவசமாகக் கொடுத்தது. 1980களில் பிரெஞ்சுக் குடும்பங்கள் வீட்டிலிருந்தபடியே அதில் தொலைபேசி எண்களைத் தேடின, ரயில் டிக்கெட் எடுத்தன, வங்கிக் கணக்கைப் பார்த்தன. 2012 ஜூன் 30 அன்றுதான் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. படித்த ஓர் இளைஞன் தன் அறிவை நாட்டுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. மேங்கின் வாழ்க்கையைப் பற்றி எழுதும் எவரும் இந்த மரியாதையோடுதான் தொடங்க வேண்டும்.

அவர் 1949இல் பாரீஸில் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறிய யூதர்கள். சுரங்கப் பொறியியல் கல்லூரியில் படித்தார். பிறகு உயர் அதிகாரிகளை உருவாக்குவதற்காக 1945இல் தொடங்கப்பட்ட தேசிய நிர்வாகக் கல்லூரியில் முதல் மாணவராகத் தேறினார். முதல் வரிசையில் தேறியவர்கள் விரும்பிப் போன இடம் நிதி ஆய்வாளர் பணி. சில ஆண்டுகள் அரசாங்கத்தின் கணக்குகளைச் சோதித்துவிட்டு, பெரிய வங்கிகளுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் உயர்பதவியில் போய்ச் சேருவது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. மேங்கும் அந்த வழியில்தான் போனார். சேன்-கோபேன் நிறுவனத்தில் நிதிப் பொறுப்பு வகித்தார். 1986இல் இத்தாலியத் தொழிலதிபர் கார்லோ தெ பெனெதெத்தியின் பிரெஞ்சுக் கிளையான செரூஸுக்குப் போனார்.

1988 ஜனவரியில் தெ பெனெதெத்தி, பெல்ஜியத்தின் மிகப் பெரிய நிறுவனமான சொசியேத்தே ஜெனரால் த பெல்ஜிக்கைக் கைப்பற்றக் கிளம்பினார். 1822இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் பெல்ஜியம் என்ற நாட்டைவிட மூத்தது. சுரங்கம், வங்கி, உலோகம் என்று அந்நாட்டுப் பொருளாதாரத்தின் பல கிளைகள் அதன் கையில் இருந்தன. அந்தப் படையெடுப்பில் முன்னணியில் நின்றவர் மேங்க். பிரெஞ்சு நிறுவனமான சூயஸ் குறுக்கே வந்தது. பங்குச்சந்தையிலும் நீதிமன்றத்திலும் மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. கடைசியில் வென்றது சூயஸ்தான். செரூஸுக்குப் பலத்த அடி. மூன்று ஆண்டுகள் கழித்து, 1991இல், மேங்க் தனியாக ஏ.எம். கொன்செய் என்ற ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினார்.

தோற்பது குற்றமல்ல. துணிந்து இறங்குபவன்தான் தோற்பான். ஆனால் தொழில் முனைவோருக்கும் ஆலோசகருக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். முதலைப் போட்டவனுக்குச் சந்தை தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஆலோசனை சொன்னவருக்கு யார் தீர்ப்புச் சொல்வது? அவர் சொல் பலித்தால் பெயர் அவருக்கு. பொய்த்தால் இழப்பு வாடிக்கையாளருக்கோ ஊழியர்களுக்கோ நாட்டுக்கோ போய்விடுகிறது. சுதந்திரச் சந்தையைப் போற்றும் தாராளவாதி ஒருவர், அந்தச் சந்தையின் தண்டனை எட்டாத தொழிலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் அவர் அமர்ந்த மற்ற நாற்காலிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1982இல் வரலாற்றாசிரியர் பிரான்சுவா ஃபியூரே முதலானோர் தொடங்கிய சேன்-சிமோன் மன்றத்தில் அவரும் நிறுவன உறுப்பினர். தொழிலதிபர்களும் பேராசிரியர்களும் பத்திரிகையாளர்களும் உயர் அதிகாரிகளும் ஒரே மேசையில் கூடிப் பேசிய இடம் அது. 1999இல் அது கலைக்கப்பட்டது. 1994இல் பிரதமர் எதுவார் பலதூருக்காக 2000ஆம் ஆண்டின் பிரான்ஸ் பற்றிய அறிக்கையை உருவாக்கிய குழுவுக்கு மேங்க் தலைமை வகித்தார். அதே 1994 முதல் 2008 வரை லு மோந்த் நாளிதழின் மேற்பார்வைக் குழுவுக்கும் அவரே தலைவர். இவற்றோடு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு நூல், தொலைக்காட்சி விவாதங்கள், தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களுக்கு ஆதரவு. 1995இல் பலதூர், 2007இல் சார்கோசி, 2017இல் மக்ரோன்.

லு மோந்த் சாதாரணப் பத்திரிகை அல்ல. நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பல பத்திரிகைகள் எதிரிக்குப் பணிந்துபோன அவமானத்துக்குப் பிறகு, 1944இல் உபேர் பெவ்-மேரி தொடங்கியது. பணமுதலைகளின் பிடிக்குள் போகக்கூடாது என்பதற்காகப் பத்திரிகையாளர்களே அதில் பங்குதாரர்களாக ஆனார்கள். 1980களில் பணநெருக்கடி வந்தபோது வாசகர்களும் பணம் போட்டுப் பங்கு வாங்கினார்கள். அந்த வாசகர் பங்குதாரர்களின் பிரதிநிதியாகத்தான் மேங்க் அந்தப் பத்திரிகைக்குள் வந்தார். அதே நேரத்தில், அந்தப் பத்திரிகை தினமும் செய்தி எழுத வேண்டிய பெரும் தொழிலதிபர்கள் பலருக்கு அவர் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லிவந்தார். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று அங்கிருந்த பத்திரிகையாளர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். சட்டப்படி பதில் இருக்கலாம். தன் சேமிப்பைக் கொடுத்துப் பங்கு வாங்கிய வாசகனுக்கு அது பதிலாகாது.

தாராளவாதத்தின் ஆணிவேர் அதிகாரங்களைப் பிரித்துவைப்பது. சட்டம் இயற்றுபவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஆளுபவர் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கக்கூடாது என்று மோந்தெஸ்கியூ காலத்திலிருந்து பிரான்ஸ் உலகுக்குச் சொல்லிவந்தது. எந்தச் சக்தியும் தனக்குத் தானே நடுவராக இருக்க முடியாது என்பதே அதன் சாரம். அரசுக்கு அறிக்கை, முதலாளிக்கு யோசனை, பத்திரிகைக்குத் தலைமை, அதிபருக்கு நட்பு எல்லாம் ஒரே ஆளிடம் சேரும்போது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்தப் பிரிவினை அவருக்குள்ளேயே அழிந்துவிடுகிறது. அரசிடமிருந்து சமூகத்தை விடுவிக்க வேண்டும் என்று எழுதியவர்கள், அரசும் பணமும் ஊடகமும் கைகோக்கும் இடமாகத் தாங்களே ஆகிப்போனார்கள்.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். 1995 நவம்பர், டிசம்பரில் பிரதமர் அலேன் ழுப்பேயின் ஓய்வூதிய, மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எதிர்த்து ரயில்கள் மூன்று வாரங்கள் நின்றன. டிசம்பர் 12 அன்று சமூகவியலாளர் பியர் பூர்தியு, பாரீஸின் லியோன் ரயில் நிலையத்தில் வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்களிடம் போய்ப் பேசினார். நிபுணர்களின் ஆட்சி ஜனநாயகத்தை ஓரங்கட்டுகிறது என்பது அவர் வாதம். மறுபக்கத்தில் மேங்க் போன்றவர்கள் தங்கள் நிலைப்பாட்டைப் பகுத்தறிவின் வட்டம் என்று அழைத்தார்கள். அப்படி ஒரு வட்டம் வரைந்தவுடன், வெளியே நிற்பவன் மாற்றுக் கருத்துள்ளவனாக இல்லாமல் அறிவில்லாதவனாக ஆகிவிடுகிறான். 1997இல் மேங்கின் 'மகிழ்ச்சியான உலகமயம்' நூல் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ரெனோ நிறுவனம் பெல்ஜியத்தின் வில்வோர்தே தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 3,100 பேருக்கு வேலை போயிற்று. உலகமயத்தால் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கானோர் என்பதில் உண்மை உண்டு. ஆனால் வில்வோர்தேயின் வாசலில் நின்றவர்களுக்கு ஒரு பொருளாதாரக் கொள்கை மகிழ்ச்சியானது என்று சொல்ல, அந்தக் கொள்கையால் லாபமடைந்தவர்களிடம் கட்டணம் வாங்குபவருக்குத் தார்மிக உரிமை குறைவு.

பல நாற்காலிகளில் ஒரே நேரத்தில் அமர்ந்த அவசரம் எழுத்திலும் தன் தடத்தை விட்டது. 1999இல் அவர் ஸ்பினோசாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பாட்ரிக் ரோடெல் என்ற தத்துவ ஆசிரியர் அதற்கு முன்பே ஸ்பினோசாவின் வாழ்க்கையைக் கற்பனை கலந்து எழுதியிருந்தார். அந்தக் கற்பனைப் பகுதிகள் சில மேங்கின் நூலில் வரலாறாக வந்து உட்கார்ந்திருந்தன. ரோடெல் சும்மா இட்டுக்கட்டிய ரோஜா ஜாம் செய்முறை ஒன்றும் அவற்றில் அடக்கம். 2001இல் பாரீஸ் நீதிமன்றம், பதிப்புரிமையை ஓரளவு மீறியதாகத் தீர்ப்பளித்து இழப்பீடு விதித்தது. லென்ஸ் தேய்த்துப் பிழைத்துக்கொண்டு, ஹைடல்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை வேண்டாம் என்று மறுத்தவர் ஸ்பினோசா. சிந்திக்கும் சுதந்திரத்துக்கு அது இடைஞ்சலாகலாம் என்பது அவர் அச்சம். அவரைப் பற்றி எழுதக்கூட உட்கார்ந்து படிக்க நேரமில்லாத வாழ்க்கை எப்படிப்பட்டது என்று வருத்தத்தோடுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சுத் தாராளவாதத்துக்கு இன்னொரு முன்மாதிரியும் உண்டு. சிந்தனையாளர் ரேமோன் அரோன் முப்பது ஆண்டுகளாக ஃபிகாரோ நாளிதழில் எழுதினார். அதிபர்கள் அவரைப் படித்தார்கள், அமைச்சர்கள் கருத்துக் கேட்டார்கள். பத்திரிகை முதலாளி ரோபேர் எர்சான் ஃபிகாரோவை வாங்கி, அதன் எழுத்தில் தலையிட முனைந்தபோது, 1977இல், எழுபது வயதைத் தாண்டிய அரோன் வெளியேறினார். அவருக்கும் அதிகாரத்தின் அருகாமை பிடித்திருந்தது. ஆனால் எந்த இடத்தில் எழுந்துகொள்ள வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

பிரச்சினை மேங்க் என்ற தனிமனிதரோடு முடியவில்லை. 2022இல் பிரெஞ்சு மேலவையின் விசாரணைக் குழு, 2021இல் மட்டும் அரசு தனியார் ஆலோசனை நிறுவனங்களுக்கு 100 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டதாகக் கண்டறிந்தது. அந்த நிறுவனங்களின் பரிந்துரைகளில் எத்தனை பலித்தன, எத்தனை பொய்த்தன என்று குடிமக்களுக்குக் கணக்குச் சொல்பவர் யாரும் இல்லை. 2013இல் பொதுவாழ்வின் வெளிப்படைத்தன்மைக்கான உயர் ஆணையம் வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் செல்வாக்குத் தேடுவோர் பதிவேட்டைக் கொண்டுவந்தது. இவை நல்ல தொடக்கம். ஆனால் பதிவேட்டில் ஏறாத நட்பையும் விருந்து மேசைப் பேச்சையும் எந்தச் சட்டமும் எளிதில் எட்டாது. அதற்கு வேண்டியது பழக்கம்: பொதுமேடையில் பேசுமுன் யாரிடம் பணம் வாங்குகிறோம் என்று சொல்வது, புது நாற்காலிக்குப் போகுமுன் பழையதைக் காலிசெய்வது, பொய்த்த கணிப்பை மறைக்காமல் மறுபதிப்பில் சேர்ப்பது.

2005 மே 29 அன்று ஐரோப்பிய அரசியல் சாசனத்துக்கு வேண்டாம் என்று வாக்களித்த சுமார் 55 விழுக்காட்டினரும், 2018 நவம்பரில் டீசல் வரிக்கு எதிராக மஞ்சள் அங்கி அணிந்து சாலைச் சந்திப்புகளில் நின்றவர்களும் அறிவுக்கு எதிரிகள் அல்ல. தங்கள் பெயரால் யோசிப்பவர்கள் யாருக்காக யோசிக்கிறார்கள் என்று தெரியாமல் நம்பிக்கை இழந்தவர்கள். அவர்களுடைய கோபத்தில் வெறுப்பரசியல் நுழைந்து குளிர்காய்கிறது என்றால், அந்தக் கதவைத் திறந்துவைத்ததில் பகுத்தறிவின் பெயரால் பேசியவர்களுக்கும் பங்கு உண்டு. தாராளவாதம் மீண்டும் மதிக்கப்பட வேண்டுமானால், அது மற்றவர்களுக்கு விதிக்கும் போட்டியையும் கண்காணிப்பையும் முதலில் தன் அறிஞர்கள் மேல் விதித்துக்கொள்ள வேண்டும்.